ரதி இன்னும் அழுது முடிக்கவில்லை

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஒட்டுக் கேட்டேன்.

கிளேபாங்கில் ரோட்டோரக் கடை ஒன்றில் மீ கோரேங் தின்றுகொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் செங் வட்டாரத்துப் பேக்டரிச் சீருடையில் இரண்டு பெண்கள்.

"எங்க தோட்டத்துல ரதி இன்னும் அழுது முடிக்கலைலா."

"இன்னுமா? அப்ப சிவன் என்ன பண்றாரு?"

"ஸ்டூல்ல உக்காந்திருக்காரு. அவரு வாயத் திறக்க முடியாதுல்ல. வெள்ளிக்கிழமை எங்க லயத்து முறை. நான்தான் அழணும். என்னத்தப் பாடறதுன்னே தெரியலைடி."

"உன் மாமியாரப் பத்திப் பாடு."

"அது போன வாரமே ஒருத்தி பாடிட்டா. என் மாமியாரத்தான்."

என் மீ ஆறிப்போனது. நான் வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிற ஆள். முதல் வாரம் ஒரு பிணம் விழும். அடுத்த வாரம் டெலிபோன் அடிக்கும். அதற்கடுத்த வாரம் அந்தப் பிணமே எழுந்து டெலிபோனை எடுக்கும். பிணமே இல்லாத ஒரு விஷயம் என்னை நாற்காலியிலிருந்து தூக்கியது இதுதான் முதல் தடவை. எந்தத் தோட்டம் என்று அவர்களிடமே கேட்டுக்கொண்டு மறுநாளே பெம்பானுக்கு பஸ் ஏறினேன்.

[பொய். மோட்டார் சைக்கிளில் போனேன். பஸ் என்று எழுதினால் அடுத்த சீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவரை உட்கார வைக்கச் சொல்லிக் கை அரிக்கிறது.]

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'தீக்குச்சி உரசும் சத்தம். இருளில் ஓர் உருவம். "யாரது?" என்றாள் பவானேஸ்வரி. பதில் இல்லை. அடுத்த கணம்'

அடித்துவிட்டேன். அந்த உருவம் யார் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்துக் கங்காணி, மண்டோர் அங்கமுத்து. தீப்பெட்டியும் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும், துருத்திக்கொண்டு. இதில் என்ன மர்மம்?

இரண்டாவது தொடக்கம்:

'பூமி சூடேறிக்கொண்டிருக்கிறது. சூடேற்றுகிறவர் ஓரிடத்திலும் வேர்க்கிறவர் வேறிடத்திலும்'

எனக்கே கொட்டாவி வந்தது. சொன்னது அத்தனையும் நிஜம்தான். ஆனாலும் வந்தது. [இந்தக் கொட்டாவிக்கு மருந்தாகத்தான் கூத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.]

ஆகவே மூன்றாவது. நேரடியாக.

பெம்பானுக்கு உள்ளே ஒரு தோட்டம். பெயர் சொல்லப்போவதில்லை. தொண்ணூற்றெட்டு, மாசி மாதம். மழை என்பதே இல்லை. முந்தின வருடம் கடலுக்கு அந்தாண்டை காடு கொளுத்தியதில் கிளம்பி வந்த புகைமூட்டம் அப்போதுதான் எல்லார் நெஞ்சிலிருந்தும் இறங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் இருந்த வயசான ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டார்கள், எண்ணெய்க்குச் செம்பனை நடுவதற்கு. அடிமரங்களை நாற்காலி செய்கிற கம்பெனிக்காரர்கள் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கிளையும் வேரும் மலைமலையாகக் காய்ந்து கிடந்தன. கொளுத்திவிட்டால் வேலை முடிந்தது. காற்று லயத்தைப் பார்த்து அடிக்கிறது. மானேஜர் பங்களா அந்தப் பக்கம், மேட்டில்.

லயத்தில் இருக்கிற பவானேஸ்வரிக்கு இழுப்பு. செங்கில் பேக்டரி வேலை. சாயங்காலம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக் கொடுப்பாள். போன வருடப் புகையில் மலாக்கா பெரியாஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாள். இன்னொரு புகை வந்தால் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்தக் குவியலில் தீ விழக்கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

3

ஒன்று சொல்ல வேண்டும். பவானேஸ்வரியை நானே முதலில் நம்பவில்லை. சதங்கையும் இழுப்பும் ஒரே ஆளிடம். கதாசிரியர் ஒட்டவைத்த மாதிரி இல்லை?

அதனால் முதல் பிரதியில் இழுப்பை ஒரு குழந்தைக்கு மாற்றினேன். பெயர்கூட வைத்தாகிவிட்டது. வாசகர்கள் கடிதம் போட்டு அழுவார்கள் என்று தெரிந்ததும் எடுத்துவிட்டேன். [குழந்தை சௌக்கியம். கதைக்கு வெளியே ஐஸ் கச்சாங் தின்றுகொண்டிருக்கிறது.] இழுப்பு மறுபடி பவானேஸ்வரியிடமே போயிற்று. அவள் அதை வாங்கிக்கொண்ட விதத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. நேரே அங்கமுத்து வீட்டுக்குப் போனாள்.

"மாமா, அந்தக் குவியலக் கொளுத்தாம அப்படியே மக்க விட்டா என்ன? மத்த தோட்டத்துல அப்படித்தான் செய்றாங்க."

"மக்கறதுக்கு நாளாகும் புள்ள. மானேஜர் கொளுத்துன்னா கொளுத்தணும். எனக்கென்ன, ஒரு குச்சி வேலை."

"போன வருசம் கடலுக்கு அந்தாண்ட கொளுத்துனவன அந்தத் திட்டு திட்டுனீங்க."

"அது அவன் புகை. இது நம்ம புகை."

உள்ளேயிருந்து அவர் மனைவி ராஜம்மா, "நம்ம புகைன்னா மூக்குல செருப்பக் கழட்டி விட்டுட்டு நுழையுமோ?" என்றாள். அங்கமுத்து டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

4

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். [தொடர்கதையில் வழக்கம் விளக்குகிற பத்தியைத்தான் வாசகர் தாண்டிப் போவார். இதை மட்டும் தாண்டாதீர்கள். கதையே இதில்தான் தொங்குகிறது.]

தோட்டத்தில் மாசியில் காமன் கூத்து நடக்கும். மன்மதன் அம்பு விடுவான், சிவன் கண்ணைத் திறந்து எரிப்பார், ரதி புலம்புவாள், மூன்றாம் நாள் மன்மதனை எழுப்புவார்கள். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். இந்தத் தோட்டத்தில் கூடுதலாக இரண்டு கட்டுப்பாடு. காமனை எரித்ததிலிருந்து எழுப்புகிற வரைக்கும் வெட்டவெளியில் யாரும் தீ வைக்கக் கூடாது, குப்பைகூட. சிவன் வேஷக்காரர் கையில் காப்போடு, அதுவரைக்கும் மௌனம். ரதி அழுது முடித்து அவர் காலைத் தொட்ட பிறகுதான் வாய் திறந்து வரம் கொடுக்கலாம்.

ஒவ்வொரு வருடமும் சிவன், நம் அங்கமுத்துதான். புலித்தோல் துணியே அவர் இடுப்பு அளவுக்குத் தைத்தது.

அவர் பக்தியானவர். காப்புக் கட்டுவதற்கு முன்னால், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில், எல்லார் எதிரிலும் மானேஜரிடம் விஷயத்தைச் சொன்னார்: கூத்து முடிகிற வரைக்கும் தீ வைக்க முடியாது. மானேஜர் நல்ல மனிதர், கூத்துக்குப் பந்தல் போட ஆள் கொடுப்பவர். சிரித்தார்.

"போலே லா. ஹாபிஸ் வாயாங், பாரு பாக்கார்."

கூத்து முடியட்டும், அப்புறம் கொளுத்து.

பவானேஸ்வரி அப்போது பேக்டரி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். காதில் விழுந்தது. கூத்து முடியட்டும். பஸ் செங் போய்ச் சேருகிற வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள். டிரைவர் கண்ணாடி வழியாக அடிக்கடி பார்த்தார்.

5

அந்த வருடம் ரதி வேஷம் அவளுக்குக் கிடைத்தது தற்செயல். வழக்கமாக ரதி போடுகிறவன் லோரி ஓட்டுகிற நிவேந்திரன். அவனுக்கு நிச்சயதார்த்தம் வருகிறது. மீசையை எடுக்க மாட்டேன் என்றுவிட்டான்.

எரித்த மூன்றாம் நாள், பொழுது சாய்கிற நேரம். சிவன் ஸ்டூலில். தப்படிக்கிற வடிவேலு தப்பைக் காய்ச்ச முடியாமல் [தீ கூடாது] வெயிலில் வைத்து முறுக்கேற்றி வந்திருந்தார். பவானேஸ்வரி ஆடி வந்து புலம்பினாள். வழக்கமான பாட்டு முடிந்தது. காலைத் தொட வேண்டும். அங்கமுத்து வரம் கொடுக்கக் கையைத் தூக்கிவிட்டார்.

அவள் காலைத் தொடவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி ஸ்டூலுக்குப் பின்னால் போனாள். புதுப் பாட்டு.

"என் மாரன் சாம்பலு காத்தோட போச்சு,
பெம்பானத் தாண்டி ஜாசினும் போச்சு,
அங்கேயும் ஒருத்தி இருமுறா சாமி,
அவ பேருகூட எனக்குத் தெரியாது."

வடிவேலு குனிந்து கேட்டார். "முடிவுத் தாளம் அடிக்கவா?"

"அடிச்சீங்கன்னா உங்க வீட்டுக்கும் புகை வரும் மாமா."

வடிவேலு முதல் தாளத்துக்கே திரும்பிவிட்டார். பவானேஸ்வரி இன்னும் கொஞ்சம் அழுதாள், மூச்சு வாங்கியதும் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "மிச்சத்த நாளைக்கு அழறேன்" என்று இறங்கிவிட்டாள்.

முன்வரிசையில் யாரோ சிரித்தார். பின்வரிசைக்குச் சிரிப்பு போய்ச் சேருகிற நேரத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

மேடைக்குப் பின்னால் அங்கமுத்து கையை ஆட்டி, கண்ணை உருட்டி, ஒரு காலைத் தட்டினார். ராஜம்மா மொழிபெயர்த்தாள். "என்ன திமிருன்னு கேக்குறாரு."

"திமிரில்ல, இழுப்புன்னு சொல்லுங்க அத்தை."

6

அதிலிருந்து தோட்டம் கலகலப்பாகிவிட்டது. காலைப் பெரட்டில் மண்டோர் ஊமைச் சாடையில் வேலை பிரித்தார். அவர் திட்ட முடியாத காரணத்தாலேயே எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள், வேடிக்கை பார்க்க. சாயங்காலமானால் புலித்தோல் கட்டி ஸ்டூலில் உட்காருவார். அவரே கூத்தை நிறுத்தலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தினால் அவர் சிவன் இல்லை. அது அவருக்கு மண்டோர் வேலையை விடப் பெரிய வேலை.

[வேகமாகப் போகிறேன் என்று தெரிகிறது. வேகம் என் தொழில். ஆனால் அடுத்ததை மெதுவாகச் சொல்ல வேண்டும்.]

ஒரு சாயங்காலம் பவானேஸ்வரிக்கு மேடையிலேயே மூச்சு நின்று நின்று வந்தது. மூச்சைக் காப்பாற்ற ஆடுகிறாள். ஆடினால் மூச்சு போகிறது. இந்தக் கணக்கை நான் போடவில்லை. அவளே போட்டுக்கொண்டது. பாதிச் சுற்றில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடம் சிவன் காலடி. கை தரையில் ஊன்றியிருக்கிறது. அங்கமுத்து பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி. அவள் தெரியாமல் கையை நகர்த்தினால் போதும், கூத்து முடிந்தது.

அங்கமுத்து பார்த்தார். காலை ஸ்டூலுக்கு மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

[இதை நான் எழுதவில்லை. மூன்று பிரதியிலும் அவர் காலை அப்படியேதான் வைத்திருந்தார். மறுபடி அங்கே போய் விசாரித்தபோது இப்படி நடந்ததாகச் சொன்னார்கள். ஏன் தூக்கினாராம்? "கால் மரத்துப்போச்சுன்னு சாடை காட்டுனாரு" என்றாள் ராஜம்மா. நம்புகிறீர்களா?]

அதற்குள் நிவேந்திரன் மேடைக்குத் தாவி, பவானேஸ்வரி ரதி வேஷத்துக்கு மேலே போட்டிருந்த முந்தானைத் துணியை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டான், மீசையோடு.

"நானும் ரதிதான்லா. சிரிக்காதீங்க. புகை மூட்டுனா எனக்கு ரோடு தெரியாது, லோரி எங்க போயி முட்டும்? கட்டிக்கப்போறவ என்ன ஆவா?"

அவன் வருங்கால மாமனார் முன்வரிசையில் இருந்தார். முதலில் கை தட்டியவர் அவர்தான்.

அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு நாள். யார் வேண்டுமானாலும் ரதி. கிணறு வற்றியதைப் பாடினார்கள். பங்களாப் புல்லுக்கு மட்டும் தண்ணீர் பீய்ச்சுகிற குழாயைப் பாடினார்கள். பேக்டரிப் புகைபோக்கியைப் பாடினார்கள். ஜாசினிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பக்கத்து மலாய்க் கம்போங் கிராமத்திலிருந்து, இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுடுகிற சாத்தே விற்க வந்த அம்மா [அடுப்பு வைக்கக் கூடாது என்றதும் வேர்க்கடலைக்கு மாறியவர்] மலாயில் இரண்டு வரி அழுதுவிட்டுப் போனார். ரதிக்கு மலாய் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ராஜம்மா முறை வந்தபோது அவள் ஆடவில்லை. ஸ்டூலுக்கு எதிரில் இடுப்பில் கையை வைத்து நின்றாள். "போன வருசம் பூரா என் பக்கத்துல ஒருத்தரு இருமிக்கிட்டே படுத்திருந்தாரு சாமி. அவரும் கொளுத்தப் போறாராம். நெஞ்சென்ன பிளாஸ்டிக்கா அவருக்கு?"

சிவன் அண்ணாந்து பந்தலைப் பார்த்தார்.

7

முடிவுகள். தயாராக வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள்.

(அ) மழை கொட்டுகிறது. குவியல் நனைகிறது. எல்லோரும் சேற்றில் ஆடுகிறார்கள். இதை எழுத எனக்கு ஒரு நிமிடம் ஆகும். வானிலை அறிக்கையைப் பார்த்தேன். எழுத மனம் வரவில்லை.

(ஆ) மானேஜர் ஜீப்பில் வருகிறார். பாதி நடந்துவிட்டது. வந்தார், நாற்காலி போட்டார்கள், ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். அவரும் இருமினார், வேர்க்கடலை தொண்டையில் சிக்கி. போகும்போது, மக்க விடலாமா என்று கோலாலம்பூர் ஹெட் ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கோலாலம்பூர் இன்னும் சொல்லவில்லை.

(இ) அங்கமுத்து வாயைத் திறக்கிறார். என் கை பழகிய முடிவு இதுதான். இரண்டே வார்த்தை. மன்மதன் எழுவான், தப்பு முழங்கும், வாசகர் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்புவார். எழுதியும் பார்த்தேன்:

'அங்கமுத்து தொண்டையைச் செருமினார். கூட்டம் அமைதியானது. "எழுந்தி'

நிறுத்திவிட்டேன். மறுநாள் காலை அவர் சட்டைப் பையிலிருந்து கை எதை எடுக்கும் என்று எனக்குத் தெரியும்.

8

ஆகவே 'முற்றும்' போட மாட்டேன். போட்டால் கூத்து முடிந்தது என்று அர்த்தம்.

ஆனால் ஒரு சிக்கல். இன்றைய முறைக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது, பாதியில் இறங்கிவிட்டார். நிவேந்திரன் லோரியோடு வெளியூரில். பவானேஸ்வரி மேடைப் படியில் உட்கார்ந்து மருந்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு அவளால் முடியாது. மேடை காலி. வடிவேலு கை சோர்ந்து தாளம் தானாக முடிவுப் பக்கம் சரிகிறது. அங்கமுத்துவின் கால் ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்குகிறது. எவ்வளவு நேரம்தான் சம்மணம் போடுவார் பாவம்.

நான் எழுத்தாளர், எனக்குப் பாட வராது. உங்களைத்தான் பார்க்கிறேன். உங்கள் ஊரில் எது எரிகிறது, யார் இருமுகிறார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஒரு வரி போதும். ராகம் வேண்டாம். மீசை இருந்தாலும் பரவாயில்லை. பவானேஸ்வரி முந்தானைத் துணியை உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறாள், மூச்சு வாங்குவதால் கூப்பிட முடியவில்லை. வாங்கித் தலையில் போட்டுக்கொள்ளுங்கள். ஏறுங்கள். தொடக்கத்தை நான் சொல்லித் தருகிறேன்:

"சாமி, எங்க ஊர்ல