பத்துக்கு ஆறு

பாட்டில் தொழிற்சாலையில் அவளைக் கண்ணாடியக்கா என்று கூப்பிடுவார்கள். நாள் முழுக்கக் கண்ணாடி பாட்டிலைப் பார்க்கிற வேலை, மூக்கின் மேலும் ஒரு கண்ணாடி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயராக வைத்துச் சிக்கனம் பண்ணிவிட்டார்கள். வெளிச்சப் பலகைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருக்க, பாட்டில்கள் வரிசையாக நகர்ந்துபோகும். முடி மாதிரி ஒரு கீறலோ, ஒரு குமிழோ, கழுத்தில் சின்னக் கோணலோ கண்ணில் பட்டால் போதும், வெடுக்கென்று எடுத்துக் கூடையில் போட்டுவிடுவாள். இயந்திரங்கள் போடுகிற கூச்சலில் எல்லோரும் காதை அடைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். பேச்செல்லாம் கையால்தான். முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து, உள்ளங்கையைக் காட்டினால் போகலாம். அங்கே வாய் என்பது சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வேண்டிய ஒரு சாமான்.

அந்த வாய்தான் ஒரு நாள் காலையில் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

பல் தேய்க்கப் போனாள். காதுக்கு முன்னால் டக்கென்று ஒரு சத்தம். ஒரு விரல் நுழைகிற அளவோடு வாய் நின்றுவிட்டது, அதற்கு மேல் இம்மியும் அசையவில்லை. வலி காதிலிருந்து கழுத்து வரைக்கும் சுண்டி இழுத்தது. பல் டாக்டர் பார்த்துவிட்டு, பல்லில் ஒரு குறையும் இல்லை, தாடை மூட்டில்தான் கோளாறு, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷத்தையும் ஓட்டினாள். தூங்கும்போதும் அதே வேலையா என்று அவளுக்கே அலுப்பாக இருந்தது. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைக் கூடவே இருந்து பார்த்தாள். அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். தம்பி கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனான். கடைசியில் வீட்டில் மிஞ்சியது அவளும் ஃபிரிட்ஜின் உறுமலும்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் தாடை மூட்டு வலிக்கு ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள் என்று அந்தப் பல் டாக்டர்தான் அனுப்பினார். ஒரு குழுவுக்கு அக்குபஞ்சர் ஊசி மட்டும். இன்னொரு குழுவுக்கு ஊசியோடு சூட்டு விளக்கும் சேர்த்து. எது மேல் என்று பார்க்க வேண்டுமாம். குலுக்கலில் அவளுக்கு விளக்குக் குழு விழுந்தது.

ஊசி டாக்டர் குண்டான, கலகலப்பான மனிதர். காதுக்கு முன்னால், தாடை திரும்புகிற இடத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் என்று ஊசிகளை நட்டுவிட்டு, வளைந்த கழுத்துள்ள விளக்கைக் கன்னத்துக்கு நேராக இழுத்து வைப்பார்.

"வாய் வலிக்குதுன்னா கையில ஏன் டாக்டர் குத்துறீங்க?" என்று அவள் பல்லிடுக்கு வழியாகக் கேட்டாள்.

"லைட் எரியலைன்னா மொதல்ல ஸ்விட்ச் இருக்கற எடத்துக்குத்தானே போறோம், பல்பு கிட்டயா போறோம்?" என்றார். அது விளக்கமா மழுப்பலா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அளக்கிற வேலை வேறொரு பெண்ணுக்கு. சின்ன வயசு, வெள்ளைக் கோட்டு. யாருக்கு எந்தச் சிகிச்சை என்று அவளுக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் அளவில் மனசு கலந்துவிடும் என்பது ஆராய்ச்சியின் சட்டம். அதனால் அவளை வேறு மாடியில் தனியாக வைத்திருந்தார்கள். உள்ளே போனதும் அவள் சொல்கிற முதல் வார்த்தை, "உங்களுக்கு என்ன பண்றாங்கன்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாதீங்க" என்பதுதான். பிறகு ஒரு சின்ன ஸ்கேலை மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளப்பாள். கண்ணாடியக்கா மனசுக்குள் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர் வைத்தாள். தினமும் சாயங்காலம் ஃபோன் செய்வதும் அளவுக்காரிதான்.

"வணக்கம். இன்னைக்கு வலி பத்துக்கு எவ்வளவு சொல்வீங்க?"

"எட்டு."

கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம், "எப்ப அதிகமா இருந்துச்சு? சாப்பிடும்போதா, பேசும்போதா, கொட்டாவி விடும்போதா?"

பேசும்போதா என்ற கேள்விக்கு முதல் நாள் கண்ணாடியக்கா திணறிப்போனாள். அன்றைக்கு முழுக்க அவள் ஒருத்தரிடமும் பேசியிருக்கவில்லை. தொழிற்சாலையில் கை பேசியது. கடையில் சாமானை எடுத்து வைத்தால் கணக்கை மெஷினே காட்டிவிட்டது. வார்த்தைக்கு வேலையே வரவில்லை. "கொஞ்சம் வலிச்சுது" என்று சொல்லி வைத்தாள், பொய் சொன்ன மாதிரி உறுத்தியது. மறுநாளிலிருந்து ஃபோன் வருவதற்கு முன்னால் சோப்பு உறையை எடுத்து, பின்னால் இருக்கிற பொடி எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பாள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவவும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். பேசினால் வலிக்கிறதா என்று தெரிய வேண்டுமே! சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டில் சண்டை போடுவதற்காவது ஓர் ஆள் இருக்கிறது.

தம்பி ஃபோனே செய்ய மாட்டான் என்று சொன்னால் பாவம். செய்வான். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்று போகும், உடனே "வேற என்ன?" என்பான். வைக்கட்டுமா என்பதைத்தான் மனிதர்கள் அப்படி மரியாதையாகக் கேட்கிறார்கள். அளவுக்காரி ஒரு நாளும் வேற என்ன என்று கேட்டதில்லை. எண்ணைக் கேட்பாள், கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் கண்ணாடியக்காவுக்கு மிகவும் பிடித்துப்போனது. தன் வலியை ஒருத்தி கையில் வாங்கிப் பார்க்கிறாள் என்று தோன்றியது. தட்டைச் சீக்கிரமே கழுவி வைத்துவிட்டு ஃபோனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள்.

வலி ஆறுக்கு இறங்கியது, நாலுக்கு இறங்கியது. ஒரு நாள் பிற்பகல் வெளிச்சப் பலகைக்கு முன்னால் அவளுக்குக் கொட்டாவி வந்தது. பதறிப்போய்த் தாடையைப் பிடிப்பதற்குள் வாய் முழுசாகத் திறந்து, கண்ணில் நீர் கட்டி, சாவகாசமாக மூடிக்கொண்டது. டக் இல்லை, வலி இல்லை. எதிரே இருந்தவள் கையை விரித்து என்னவென்று கேட்டாள். கண்ணாடியக்கா உள்ளங்கையைக் காட்டினாள். அந்த நேரத்தில் ஒரு கீறல் பாட்டில் அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் பெருமையோடு ஃபோனுக்குக் காத்திருந்தபோதுதான், சேரும்போது சொன்ன ஒரு விதி ஞாபகம் வந்தது. வலி இரண்டுக்குக் கீழே வந்து ஒரு வாரம் அப்படியே நின்றால் தினசரி ஃபோன் கிடையாது. அப்புறம் மாதத்துக்கு ஒரு தடவைதான். ஃபோன் அடித்தது.

"வணக்கம். இன்னைக்கு வலி பத்துக்கு எவ்வளவு சொல்வீங்க?"

"ஆறு," என்றாள் கண்ணாடியக்கா.

அன்றைய அமைதி வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்ததாக அவளுக்குத் தோன்றியது. அது போதாதா? அதற்குப் பிறகு தினமும் ஆறுதான். அளவு எடுக்கிற நாளில் வாயைப் பாதியில் நிறுத்தவும் கற்றுக்கொண்டாள். கண்ணைச் சுருக்கி, தாடையை லேசாக நடுங்கவிட்டு, "அவ்ளோதாங்க வருது" என்பாள். நல்ல பாட்டில் போல வேஷம் போட்டுக்கொண்டு வருகிற கீறல் பாட்டிலைப் பிடித்தே காலம் தள்ளியவள். கீறல் விட்ட மாதிரி நடிக்கிற நல்ல பாட்டிலை எப்படிப் பிடிப்பது என்று எந்தத் தொழிற்சாலையிலும் சொல்லித் தருவதில்லை. பாவம் அளவுக்காரி, ஸ்கேலில் வந்ததை நம்பினாள்.

அடி விழுந்தது ஊசி டாக்டருக்கு. மனிதருடைய கலகலப்பு போன இடம் தெரியவில்லை. விளக்கைக் கிட்டே இழுத்தார், தள்ளி வைத்தார், ஊசியை எடுத்துவிட்டு மறுபடி நட்டார். "எல்லாருக்கும் கேக்குது, உங்களுக்கு மட்டும் அசைய மாட்டேங்குதே. என் கையிலதான் ஏதோ கோளாறு" என்று தன்னையே நொந்துகொண்டார். நோயாளியிடம் சொல்லக்கூடாத விஷயத்தையும் ஒரு நாள் உளறிவிட்டார்.

"விளக்குக் குழு ரொம்பச் சின்னதுங்க. ஒருத்தருக்குக் கேக்கலைன்னா மொத்தக் கணக்கும் கெட்டுடுது. இந்த வெளக்கு வேலைக்கு ஆகாதுன்னு ஆராய்ச்சிய நடத்தற பெரிய டாக்டர் சொல்லிட்டார். இப்படியே போனா அடுத்து வர்றவங்களுக்கு வெறும் ஊசிதான்."

அடுத்து வர வேண்டியவர்களில் ஒருத்தி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். வாய் சுத்தமாகப் பூட்டிக்கொண்டுவிட்டது, ஸ்ட்ரா போட்டுப் பால் உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"புள்ளைங்க முன்னாடி வாயத் தெறக்க முடியலீங்க," என்றாள் பல்லைக் கடித்தபடியே. "லீவு போட்டுட்டு எத்தன நாள்தான் செவத்தப் பாத்துக்கிட்டு இருக்கறது? வெளக்கு வெச்சா சீக்கிரம் தெறக்குதாமே. உங்களுக்கு இப்ப எப்படிங்க இருக்கு?"

ஆறு என்று சொல்ல வாயெடுத்தாள் கண்ணாடியக்கா. வரவில்லை. நேருக்கு நேர் பார்த்து எப்படி இருக்கு என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவள்தான். கேட்டவளோ வாய் பூட்டிய வேதனையில் கேட்கிறாள். அவளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஆறு என்பது? "மேல அளவு குடுத்துட்டு வந்து சொல்றேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடி ஏறினாள். ஒவ்வொரு படியிலும் திரும்பிவிடலாமா என்றிருந்தது.

"வலிக்காத அளவுக்குத் தெறங்க," என்றாள் அளவுக்காரி, ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டு.

கண்ணாடியக்கா கண்ணை மூடிக்கொண்டு வாயை முழுசாகத் திறந்தாள்.

அளவுக்காரி அளந்தாள், மறுபடி அளந்தாள். "போன தடவ இருபத்தாறு. இப்ப நாப்பத்தி மூணு. ஒரே தடவையில இப்படி ஏறாதே." தப்பு ஸ்கேலில்தான் என்பது போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஸ்கேல் சரியாத்தாம்மா இருக்கு. போன தடவையும் நாப்பத்தி மூணுதான், நாந்தான் பாதியில நிறுத்திக்கிட்டேன். வலி போயி ரொம்ப நாளாச்சு. எல்லாம் அந்த வெ..."

"ஐயோ, சொல்லிடாதீங்க!" அளவுக்காரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்துக் கையை எடுத்துவிட்டு, "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்றாள். அவள் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சரியாயிட்டா நீங்க ஃபோன் பண்ண மாட்டீங்களேம்மா."

முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. "அக்கா, அது நான் பேசினதே இல்லக்கா. எல்லாருக்கும் அதே கேள்விதான். எழுதிக் குடுத்தத படிப்பேன். ஒரு வார்த்த கூட்டியோ கொறச்சோ பேசக்கூடாது."

"தெரியும்மா. ஆனா நான் எவ்வளவுன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாம இருப்பீங்களே. அது எழுதிக் குடுத்ததில்லையே?"

அளவுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "அது... நம்பர டைப் பண்ற நேரம்க்கா."

கெட்ட பெண் இல்லை அவள். கேட்டதற்கு உண்மையைச் சொன்னாள், அவ்வளவுதான். கண்ணாடியக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாயை நன்றாகத் திறந்தே அழ முடிந்தது, ஊசி டாக்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அளவுக்காரி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பொய் கலந்த அளவு எதற்கும் உதவாது. அவளை மொத்தமாக ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். மாதத்துக்கு ஒரு ஃபோன் என்பதும் இனி இல்லை.

"என்னை எடுத்துட்டா மத்தவங்க கணக்கு தப்பிச்சுருமா?"

"தப்பிச்சுரும்க்கா. புதுசா கூட்டிப் பாப்பாங்க."

"அப்ப எடுத்துருங்க," என்றாள் கண்ணாடியக்கா.

கீழே டீச்சர் இன்னும் பெஞ்சில்தான் இருந்தாள். "நல்லாயிடுச்சுங்க, முழுசா தெறக்குது. வெளக்கு நல்லா கேக்குது" என்று கண்ணாடியக்கா சொன்னதும், டீச்சர் சிரிக்கப் பார்த்து, வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் பக்கத்தில் கொஞ்சம் உட்காரலாம் என்று கண்ணாடியக்கா கைப்பையைக் கீழே வைத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். டீச்சர் பால் டப்பாவைக் கையில் பிடித்தபடியே எழுந்து போனாள்.

சாயங்காலம் பழக்க தோஷத்தில் தட்டைச் சீக்கிரமே கழுவி வைத்தாள், சோப்பு உறையையும் படித்து முடித்தாள். ஃபோன் வருகிற நேரம் வந்தது, வந்த வழியே போனது. பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே தம்பிக்கு அடித்தாள்.

"என்னக்கா, நீ பண்ணியிருக்க? ஏதாவது அவசரமா?"

"இல்லப்பா. தாடை சரியாயிடுச்சு. சொல்லலாம்னுதான்."

"தாடையா? தாடைக்கு என்ன?"

அவனிடம் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன் என்று ஓடுகிற ஓட்டத்தில் தாடைக்கு இடம் கிடைத்ததே இல்லை. "ஒண்ணுமில்லப்பா, லேசா வலி இருந்துச்சு. இப்ப போயிடுச்சு."

"நல்லது. வேற என்ன?"

"வேற ஒண்ணுமில்ல."

ஃபோனை வைத்துவிட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். மூன்று விரல் தாராளமாக நுழைந்தது. வலித்தபோது எவ்வளவு என்று கேட்க ஓர் ஆள் இருந்தது, வலி போய்விட்டது என்பதைக் கேட்டுக்கொள்ளத்தான் யாரும் இல்லை.

"பூஜ்யம்," என்றாள் கண்ணாடியைப் பார்த்து. டைப் பண்ணுவதற்கு வேண்டிய நேரம் பேசாமல் நின்றாள். பிறகு அடுத்த கேள்விக்கும் பதில் சொன்னாள்.

"பேசும்போதுகூட வலிக்கல."