இருவருக்கும் ஒரே நாள் ஓய்வு

பேருந்து டிப்போவில் அவரை எல்லோரும் டைம்டேபிள் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த ஓட்டுநர் எந்த நாளில் எந்த வண்டியை எடுக்க வேண்டும் என்று மாதாமாதம் டூட்டி போடுவது அவர் வேலை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பத்துப் பேரின் நாள் மாறும். ஒரு கல்லை உருவினால் சுவரே சரிகிற வேலை. அதனால் அறைக் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார். திறந்திருந்தால் ஆளாளுக்கு ஒரு குறையோடு வந்து நிற்பார்களே என்ற பயம்.

பிறகு கம்ப்யூட்டரே டூட்டி போடும் ஏற்பாடு வந்தது. முதல் நாள், அவர் டீயை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் அடுத்த மாதம் முழுவதும் திரையில் வந்து நின்றது. வரி வரியாகத் தப்புத் தேடினார். ஒன்றாவது இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். ஒன்றுகூட இல்லை.

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது சார்" என்றார் மேலாளர் அம்மா. "மெஷினைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்ல? யாராவது ஏதாவது கேட்டா அதுல போட்டுடுங்க. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' அவர் நெஞ்சில் போய்த் தைத்தது. வேலை போகவில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. சட்டைப் பொத்தானைக்கூட வேறு யாருக்கோ போட்டுவிடுவது போலப் போட்டார். ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் மனைவி இதைச் சில நாள் கவனித்தாள்.

"என்னங்க, ஆபீஸ்ல ஏதாவது பிரச்சனையா?"

"ஒரு பிரச்சனையும் இல்ல. அதான் பிரச்சனை. சும்மா ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அப்போ அந்தக் கதவையாவது திறந்து வைங்க. ஈயாவது வெளியே போகட்டும்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். மறுநாள் அவர் உண்மையாகவே கதவைத் திறந்து வைத்தார்.

உடனே யாரும் வந்துவிடவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். "டைம்டேபிளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? கதவு திறந்திருக்கே!" என்று ஒரு குரல் வராந்தாவில் கேட்டது. அவருக்கே வெட்கமாகிவிட்டது.

ஒரு மத்தியானம், சூரியனும் சந்திரனும் என்று எல்லோரும் கேலி செய்யும் ஜோடியில் மனைவி வாசலில் வந்து நின்றாள். கணவன், மனைவி இருவருமே ஓட்டுநர்கள். அவன் காலை வண்டி, அவள் மாலை வண்டி. அவன் இறங்கி வரும்போது இவள் மகளை டிப்போ வாசலில் அவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு வண்டி ஏறுவாள். வார ஓய்வும் ஆளுக்கு ஒரு நாள்.

"அண்ணே, உள்ளே வரலாமா?"

"வாம்மா, உக்காரு."

"எனக்கும் அவருக்கும் ஒரே நாள்ல லீவு கிடைக்குமாண்ணே? வேற எந்த டூட்டி போட்டாலும் பரவாயில்ல." சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னாள். "பாப்பா நேத்து கேக்குறா, அப்பா வீட்ல இருந்தா அம்மா இருக்கக்கூடாதான்னு. ஏதோ சட்டம்னே நினைச்சுட்டா போல."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டு தடவை வந்தேண்ணே. கதவு சாத்தியிருந்துச்சு."

அவள் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னாள். அவருக்குத்தான் சுருக்கென்றது.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். முடியும் என்றது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் இருக்கும் இரண்டு பேர் அன்றைக்கு வண்டி எடுக்கச் சம்மதிக்க வேண்டும். யார் சம்மதிப்பார்கள் என்று அதற்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் யாரையும் எதுவும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஓட்டுநர்களின் ஓய்வறைக்குப் போனார். கேரம் ஆட்டம் அப்படியே நின்றது. அவர் விஷயத்தைச் சொன்னதும் மீசைக்கார ஓட்டுநர் ஒருவர் முதலில் வாயைத் திறந்தார். போன வருடம் மனைவியை இழந்தவர்.

"என்னைப் போடுங்க சார். ஞாயித்துக்கிழமை வீட்ல சுவத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். வண்டில நாலு மனுஷ முகமாவது தெரியும்."

"சார், எனக்கு ஞாயிறுக்குப் பதிலா புதன் கொடுங்க" என்றான் இன்னொருவன். "அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். வாரா வாரம் யார்கிட்டயாவது கெஞ்ச வேண்டியிருக்கு."

அவர் கிட்டத்தட்ட ஓடித்தான் அறைக்குத் திரும்பினார். இரண்டையும் போட்டார். ஒரு நிமிடம் ஆகவில்லை, இருநூறு பேரின் நாட்களும் கலைந்து, மறுபடி அடுக்கிக்கொண்டு நின்றன. தன் கையால் இதைச் செய்திருந்தால் தலை சுற்றிப் பாதியிலேயே விட்டிருப்பார் என்று அவருக்குத் தெரியும். நாற்காலியில் சாய்ந்து, "நல்லா இரு" என்று திரையைப் பார்த்து வாய்விட்டே சொன்னார்.

செய்தி பரவியதும் அறையில் கூட்டம் சேர்ந்தது. ஒருத்திக்கு மாலையில் கல்லூரி, ஒருவருக்கு முதுகுவலி, இன்னொருவருக்கு மாமனார் வரும் நாளிலெல்லாம் டூட்டி வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் வழி பிறக்கவில்லை. முடியாதவர்களிடம் அவரே நேரில் போய், "இந்த மாசம் முடியலப்பா, அடுத்த மாசம் பார்க்கிறேன்" என்று சொன்னார். அதற்கும் அவர்கள் நன்றி சொன்னது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. காலையில் கிளம்பும்போது இன்றைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

புது டூட்டி தொடங்கிய மாதத்தின் முதல் ஞாயிறு, அவரும் மனைவியும் வெளியே போகப் பேருந்தில் ஏறினார்கள். மீசைக்காரர்தான் ஓட்டினார். நடு இருக்கையில் அந்த ஜோடி, இடையில் மகள். சிக்னல் வரும்போதெல்லாம் தாயின் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடித் தரையை மிதித்தது.

"ஏய், நீ இன்னிக்குப் பயணி" என்று கணவன் சிரித்தான்.

அவரைப் பார்த்ததும் அவள் எழப் போனாள். அவர் கையமர்த்தினார். அவள் மகளின் காதில் ஏதோ சொல்ல, அந்தச் சிறுமி திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கடலை மிட்டாயில் பாதியைக் கடித்து, மீதியை நீட்டினாள்.

அவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். கண் கலங்கியதை மனைவி பார்த்துவிட்டாள். பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்காகவும் அவர் மனதுக்குள் அவளுக்கு நன்றி சொன்னார்.