லிஃப்ட் சிநேகிதம்

மணி மூன்று ஐம்பது. நாலு மணிக்குள் ஒரு மனிதரின் பேரைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

மூன்றாவது மாடி இன்சூரன்ஸ்காரர் கடிகாரத்தை மறுபடி பார்த்தார். பேர் தெரியாத அந்த ஆசாமி, ஐந்தாவது மாடி ஆபீஸின் தலைமை குமாஸ்தா. பதினோரு வருஷமாகத் தினமும் காலையில் ஒரே லிஃப்டில் வருகிறவர். அவருடைய முட்டிவலி தெரியும். மாப்பிள்ளையின் குறட்டை தெரியும். சம்பந்தியம்மாளின் வாயும் தெரியும். பேர் மட்டும்தான் தெரியாது. முதல் வாரமே கேட்டிருக்கணும், கோட்டை விட்டாச்சு.

இன்று காலை லிஃப்டில் அவர் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னையோட ரிட்டயர் ஆகறேன். சாயங்காலம் நீங்கதான் என்னைப் பத்தி நாலு வார்த்தை பேசணும். மனசு விட்டுப் பேச எனக்கு வேற யாரு இருக்கா?"

கண் கலங்கி நிற்கிறவரிடம் "அது சரி, நீங்க யாரு?" என்று எந்த வாயால் கேட்பது?

ஐந்தாவது மாடி ஹாலில் பேனர் தொங்கியது. 'அன்பும் பண்பும் நிறைந்த திரு.' அதற்கப்புறம் ஒரு கொத்து பலூன். இன்சூரன்ஸ்காரர் எக்கிப் பார்த்தார். குனிந்தும் பார்த்தார்.

"பலூன் வேணுமா சார்? பேரனுக்கா?" என்றாள் டைப்பிஸ்ட்.

"இல்லம்மா. நீங்கல்லாம் சாரை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"சார்னுதான்."

அக்கவுண்டன்ட்டைக் கேட்டார். "எனக்கு அவர் அண்ணன் சார்!" என்று மூக்கைச் சிந்தினார் மனுஷர்.

மணி மூன்று ஐம்பத்தெட்டு. ஒரு துண்டுத் தாளில் 'இவர் பேர் என்ன?' என்று கிறுக்கி அட்டெண்டர் அம்மாளிடம் நீட்டினார். "யாருக்கும் தெரியாம பதில் எழுதி வாங்கிட்டு வாங்கம்மா."

அந்த அம்மாள் விறுவிறுவென்று நடந்தாள். நேராக மேடைக்கு. நேராகத் தலைமை குமாஸ்தாவிடம்!

முப்பது வருஷப் பழக்கம். அந்த ஆபீஸில் எந்தக் காகிதமும் முதலில் அவர் கைக்குத்தான் போகும்.

இன்சூரன்ஸ்காரர் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். மேடையில் தலைமை குமாஸ்தா கண்ணாடியை மாட்டினார். படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. பேனாவை எடுத்து அடியில் ஏதோ எழுதினார். தாள் திரும்பி வந்தது.

'முதலில் உங்கள் பெயரை எழுதி அனுப்பவும். பேச அழைக்க வேண்டியது நான்தான். காலையிலிருந்து விசாரிக்கிறேன், ஒருத்தனுக்கும் தெரியவில்லை.'

கீழே தேதி, சுருக்கக் கையெழுத்து. புழு நெளிந்த மாதிரி இருந்தது, அதிலும் பேர் புரியவில்லை.

இன்சூரன்ஸ்காரர் குபீரென்று சிரித்தார். மேடையில் தலைமை குமாஸ்தாவின் தொப்பையும் குலுங்கியது. அப்புறம் மைக்கைப் பிடித்த இன்சூரன்ஸ்காரர் முட்டிவலியில் ஆரம்பித்துக் குறட்டையில் முடித்தார். பேரே சொல்லவில்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அக்கவுண்டன்ட் மட்டும் இரண்டாம் தடவை மூக்கைச் சிந்தினார்.

ஆறு மணிக்கு இருவரும் லிஃப்டில் இறங்கினார்கள். ஒருத்தர் பேரை ஒருத்தர் முறையாகச் சொல்லிக்கொண்டார்கள். கை குலுக்கினார்கள்.

அவ்வளவுதான். பேச்சு நின்றுபோயிற்று. புதுச் சம்பந்திகள் மாதிரி ஒருவர் கூரையைப் பார்த்தார், இன்னொருவர் செருப்பைப் பார்த்தார். நான்காவது மாடி போச்சு. மூன்று போச்சு. இரண்டும் போச்சு.

"ஏன் சார்," என்றார் இன்சூரன்ஸ்காரர் மெதுவாக, "முட்டி இப்ப எப்படி இருக்கு?"

"அதை ஏன் கேக்கறீங்க!" என்றார் தலைமை குமாஸ்தா. முகம் பூவாய் மலர்ந்தது. கதவு திறந்தது. அவர் சட்டென்று கையை நீட்டி ஐந்தாவது மாடிப் பொத்தானை மறுபடி அமுக்கினார்.