மிதமான வேகத்தில் தட்டவும்

வெர்னா லிண்ட்குவிஸ்டுக்கு டைப் அடிக்கத் தெரியாது என்று டுவேன் பிக்கெட் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வெர்னா இருபத்து மூன்று வருடமாக டைப் அடிக்கிறவள். நிமிடத்துக்குத் தொண்ணூறு வார்த்தை, அதுவும் பேசிக்கொண்டே. டுவேன் கோழி கொத்துகிற மாதிரி இரண்டு விரலால் கொத்துகிறவன். ஆனால் அவன் இன்ஜினியர், அவள் செக்ரட்டரி. ஆகவே தப்பு அவளுடையதுதான்.

சன்னிவேலில் முன்பு ஆப்ரிகாட் பழம் உலர்த்திய கொட்டகையில் இருந்தது அந்தக் கம்பெனி. 1979-ல் அங்கே கொட்டகைக்கு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. இவர்கள் 'குவில்மேட்' என்று பெயர் வைத்து, ஆபீஸ்களுக்கென்றே ஒரு கம்ப்யூட்டர் செய்திருந்தார்கள். வெர்னா உட்கார்ந்து கடிதம் அடித்தால் அதன் திரையில் பாதி எழுத்துதான் வந்தது.

காரணம் பெரிய ரகசியமில்லை. கீயை ஒருமுறை அமுக்கினாலும் உள்ளே தகடு இரண்டு மூன்று தடவை துள்ளும். ஒரு எழுத்து மூன்றாக விழும். அதைத் தடுக்க, ஒரு கீ விழுந்ததும் மெஷின் சற்று நேரம் கண்ணை மூடிக்கொள்ளும்படி டுவேன் புரோகிராம் எழுதியிருந்தான். அது கண் திறப்பதற்குள் வெர்னாவின் விரல் அடுத்த கீயை அமுக்கிவிட்டு அதற்கும் அடுத்ததற்குப் போயிருக்கும். பத்தாயிரம் தடவை சோதித்தார்களாம். சோதித்த ஆறு மேதைகளுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு விரல்.

"தம்பி, உன் மெஷின் பாதியை முழுங்குது," என்றாள் வெர்னா.

"எனக்கு முழுங்கலையே. நீங்க அவசரப்படுறீங்க."

அதோடு விடாமல், மெஷினுக்கான கையேட்டில் 'மிதமான வேகத்தில் தட்டவும்' என்று ஒரு வரி சேர்த்தான். கையேடு முழுவதையும் போல அந்த வரியையும் வெர்னாதான் அடித்துக் கொடுத்தாள், தன் பழைய டைப்ரைட்டரில்.

சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் மெஷினில் அடித்துக் காட்ட வெர்னாவைத்தான் கூட்டிப்போனார்கள். கிளம்பும்போது முதலாளி ஹாலிஸ் கார்வர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "ரெண்டே விரல், வெர்னா. டுவேன் மாதிரி. திங்கக்கிழமை கையேட்டைத் திருத்தி மறுபடி முழுசா அடிக்கணும். ஆனா அங்க ஒரு எழுத்து விட்டுப் போச்சுன்னா திங்கக்கிழமை நீ வர வேண்டாம்."

வெர்னாவுக்கு அந்தச் சம்பளம் வேண்டும். கணவன் போனபின் வீட்டில் வேறு வரும்படி கிடையாது. ஆகவே கண்காட்சியில் இரண்டு விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவமானத்தில் காது சுட்டது.

ஓக்லண்டில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் நாற்பது டைப்பிஸ்டுகளுக்குத் தலைவி ஐயோலா பிரென்டிஸ். நாற்பது மெஷின் வாங்கும் எண்ணத்தில் வந்தவள், வெர்னா கொத்துவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையேட்டை எடுத்துப் புரட்டினாள்.

"நூத்தி இருபது பக்கம், ஒரு பிழைகூட இல்லையே. யாரு அடிச்சது?"

"நான்தாங்க," என்றாள் வெர்னா.

ஐயோலா அவளுடைய இரண்டு விரலையும் பார்த்தாள். "இந்த மெஷின்லயா?"

கார்வர் பின்னாலிருந்து 'ஆமாம் சொல்லு' என்று வேகமாகத் தலையாட்டினார். ஒரே ஒரு 'ஆமாம்', திங்கட்கிழமை பத்திரம். வெர்னா மடக்கி வைத்திருந்த எட்டு விரலையும் பிரித்துவிட்டாள்.

"இல்லைங்க. என் டைப்ரைட்டர்ல. இதுல வேகமா அடிச்சா பாதி எழுத்துதான் மிஞ்சும்."

பக்கத்தில் நின்ற டுவேனுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், மெதுவா அடிச்சா எல்லாம் சரியா வரும்."

"அந்த டைப்ரைட்டர் எங்க கிடைக்கும்மா?" என்று வெர்னாவிடம் கேட்டாள் ஐயோலா. கடைப் பெயரைக் குறித்துக்கொண்டு, கையேட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கார்வரின் கழுத்து சிவந்திருந்தது. "திங்கக்கிழமை நீ வர வேண்டாம்."

"சரிங்க." வெர்னா கோட்டை மாட்டிக்கொண்டாள். "திங்கக்கிழமை கையேட்டை மறுபடி முழுசா அடிக்கணும்னு சொன்னீங்களே, அதை டுவேனை அடிக்கச் சொல்லுங்க. நம்ம மெஷின்லயே. மிதமான வேகத்துல."