கிட்ட இருக்கிற கண்

மச்சினன் பேச்சைக் கேட்டதற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். கேமரா கம்பெனி லென்ஸை விட்டுவிட்டு, வேறு கம்பெனி லென்ஸைப் பாதி விலைக்கு வாங்கினேன். ஸ்டூடியோவில் எடுத்த முகமெல்லாம் மங்கல். ஆள் உட்கார்ந்திருப்பது ஆறடியில். கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் இடத்திலோ, ஃபோகஸ் நாலடி என்று காட்டியது. மறுநாள் மூன்றடி.

மெக்கானிக் தன் கடையில் பத்துப் படம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் பளிச்சென்று இருந்தன.

“ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். லென்ஸ் நல்லாத்தான் இருக்குண்ணே.”

“அப்போ என் கடையில மட்டும் ஏன் முன்னாலயே பிடிக்குது?”

“இது கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸ். எந்தக் கண்ணு கிட்ட இருக்கோ அதைத்தான் பிடிக்கும். ஓரடிக்கும் உள்ளே வந்துட்டா மட்டும் பிடிக்க முடியாம முன்னும் பின்னும் ஓடும்.”

இன்று காலை மச்சினனையே நாற்காலியில் உட்கார வைத்தேன். அறையில் நாங்கள் இருவர்தான். பட்டனை அழுத்தினேன். இரண்டடி.

“சிரிக்கவா மாமா?”

மறுபடி அழுத்தினேன். ஒன்றேகால்.

இன்னொரு முறை அழுத்தினேன். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடத் தொடங்கியது. நிற்கவே இல்லை.

“எடுத்தாச்சா மாமா?”

கண்ணிலிருந்து கேமராவை இறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.