மூன்று மாதம் பழகிவிட்டு வாருங்கள்

நானும் நண்பர்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரு கணினி மொழியை உருவாக்கிப் பதினோரு வருடமாகிறது. அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கென்று ஓர் இணையக் குழு உண்டு. அதன் உச்சியில் நான் எழுதி ஒட்டிய விதி: 'குறை சொல்லும் முன் மூன்று மாதம் பழகிவிட்டு வாருங்கள்.' வந்த அன்றைக்கே நொட்டை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் மச்சினி குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே அறிக்கை தயாரிப்பது எங்கள் மொழியில்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே குழுவில் எழுதிவிட்டாள். கேட்ட ஃபைல் இல்லையென்றால் உங்கள் மொழி வாயைத் திறப்பதில்லை, காலிப் பட்டியலைக் கொடுத்துவிட்டுத் தன்பாட்டுக்குப் போகிறது, என்றைக்காவது யாரையாவது மாட்டிவிடும் என்று. வீட்டு மனுஷி என்றும் பாராமல் விதியை எடுத்து முன்னால் போட்டேன். அறுபது பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துதான் போனது.

நான்காவது மாதம் ஒருநாள் அவளை வீட்டுக்குக் கூட்டிவரப் போனேன். தண்ணீரைத் திறந்துவிட வேண்டாமென்று ஃபோனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் வேலைக்குச் சேர்ந்த பெண், புதுக் குழாய் போட்ட ஒரு தெருவுக்குக் 'கிருமி எதுவும் இல்லை' என்று அறிக்கை அனுப்பிவிட்டாளாம். ஃபைலின் பெயரில் ஓர் எழுத்துத் தப்பு. எங்கள் மொழி காலிப் பட்டியலைக் கொடுக்க, அதில் கிருமி எதுவும் இல்லையே என்று அறிக்கை சுத்தம் சொல்லிவிட்டது. உண்மையில் அது குடிக்க லாயக்கான தண்ணீரே இல்லை.

"இன்னும் திறந்து விடலையாம்," என்று ஃபோனை வைத்தாள்.

அவள் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு: 'முதலில் ஃபைல் இருக்கிறதா பார்.' அன்றைக்கு நீ சொன்ன குறை இதுதானே, மூன்று மாதம் கழித்து ஏன் வந்து கேட்கவில்லை என்றேன்.

"எது மாமா?" நிஜமாகவே யோசித்தாள். "ஓ, அதுவா. பழகிடுச்சு."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

பக்கத்து மேசையில் இருந்த அந்தப் புதிய பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃபைல் இல்லை என்று இது ஏன் சொல்லவில்லை எனக் கேட்டாள். மச்சினி அவள் தோளைத் தட்டினாள்.

"அது அப்படித்தான். மூணு மாசம் பழகுங்க, சரியாயிடும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாற்காலியை இழுத்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் யாரென்று சொல்ல மச்சினி வாயெடுத்தாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன்.

"பழகாதீங்கம்மா. வேற என்னெல்லாம் உங்களைப் படுத்துதுன்னு இன்னிக்கே சொல்லுங்க."

முதலில் தயங்கினாள். பிறகு மளமளவென்று சொன்னாள். மூன்றாவதாக அவள் திட்டியது, பதினோரு வருடமாக நான் பெருமையடித்துக்கொண்டிருக்கிற விஷயம். அதையும் எழுதிக்கொண்டேன்.