துண்டுக்கு அடியில் ஐந்து காலம்

1961-ல் பொன்னமராவதிக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் நான் தற்காலிகத் தமிழாசிரியன். வேலை நிரந்தரமாவது இன்ஸ்பெக்டர் எழுதப்போகும் ஒரு வரியைப் பொறுத்தது. என் பத்தாம் வகுப்போ, சங்க காலத்துப் புலவரைக் கூசாமல் கொண்டுபோய் நாயக்கர் அரண்மனையில் உட்கார வைக்கும் வகுப்பு.

புதுக்கோட்டைப் பயிற்சி முகாமில் குழு முறை என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். வெறுங்கையோடு திரும்பக் கூடாதே என்று அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஐந்து பேர் ஒரு குழு. சங்கம், சங்கம் மருவியது, பல்லவர், சோழர், நாயக்கர் என்று ஆளுக்கொரு காலம். அவனவன் தன் காலத்துப் புலவர்களைப் படித்துவந்து மற்ற நால்வருக்கும் சொல்லித்தர வேண்டும்.

“ஒருத்தன் பெயிலானா அஞ்சு பேரும் பெயில். யாரும் யாரையும் கைவிடக் கூடாது” என்று மேசையைத் தட்டி முழங்கினேன்.

இரண்டாம் நாளே தலைமையாசிரியர் ரெங்கராஜ் வந்துவிட்டார்.

“என்னங்க முத்துராமன், வகுப்பா சந்தையா? சத்தம் என் ரூமு வரைக்கும் வருது. இன்ஸ்பெக்டர் வாரப்பவும் இப்பிடி இருந்துச்சுன்னா ஒங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல.”

மறுநாள் வகுப்பில் சத்தமே இல்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். ஜெகபர் சாதிக் தன் தோள்துண்டை விரித்துப்போட்டு, அதற்கடியில் தன் குழுவிலிருந்த ராசுவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஜெகபரின் அத்தா மாட்டுத் தரகர். சந்தையில் அவர்கள் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே பேசி முடித்துவிடுவார்கள். மகன் அதைக் காலத்துக்கு ஒரு விரல் என்று ஆக்கிவிட்டான். தாளில் ஒரு புலவர் பெயரைக் காட்டுவான். ராசு சரியான விரலைப் பிடிக்க வேண்டும். தப்பினால் நறுக்கென்று ஒரு கிள்ளு. ராசு போன பரீட்சையில் நூற்றுக்கு ஏழு வாங்கியவன் என்பதால் கை சிவந்து கிடந்தது. ஒரே வாரத்தில் எல்லாக் குழுவிலும் துண்டு விரிந்தது. சத்தமில்லாமல் காரியம் நடக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

ரெங்கராஜ் கூட்டிவர, இன்ஸ்பெக்டர் வந்தார். வந்தவர் நேரே ராசுவை எழுப்பி ஒரு புலவர் பெயரைச் சொன்னார்.

“பல்லவர் காலமுங்க ஐயா.”

இன்னொரு பெயர். “சோழர் காலமுங்க.”

மூன்றாவதும் சரி. என் நெஞ்சு குளிர்ந்தது. இன்ஸ்பெக்டரின் கண்ணோ கீழே, பெஞ்சுமேல் விரிந்திருந்த துண்டுக்குப் போனது.

“அந்தத் துண்டை எடுடா.”

எடுத்தால், ராசுவின் கை ஜெகபரின் கைக்குள் இருந்தது.

“துண்டு என்னுதுங்க ஐயா. தப்பு என் மேலதான்” என்று ஜெகபர் எழுந்தான். “நாங்க அஞ்சு பேருந்தாங்க” என்று யாரும் கேட்காமலே மற்ற மூவரும் எழுந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். “இது ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதா?”

“ஐயையோ, எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. எல்லாம் பயலுக வேலை” என்றேன். அவ்வளவு சுத்தமான பொய்யை நான் அதுவரை சொன்னதில்லை.

இன்ஸ்பெக்டர் ராசுவைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போனேன். கையைக் கட்டச் சொல்லி ஆறு பெயர் கேட்டார். ஆறும் சரி.

“எல்லாந்தான் தெரியுதே. அப்பறம் எதுக்குடா அவன் கையப் புடிச்ச?”

“பயமா இருந்துச்சுங்க ஐயா” என்றான் ராசு.

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். ‘குழு முறை மிகச் சிறப்பு. ஆசிரியரை நிரந்தரமாக்கலாம்’ என்று அங்கேயே நின்று எழுதினார். ரெங்கராஜ் தன் சொந்த யோசனை போலத் தலையாட்டிக்கொண்டு அவரை வழியனுப்பப் போனார்.

நான் வகுப்புக்குள் வந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பையன்களின் முகத்தைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டைப் பார்த்துத் திரும்பினேன்.

“சார், ஒரு சந்தேகமுங்க.” ஜெகபர் கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் மரியாதையாக நின்றான்.

“என்னடா?”

“நீங்க எந்தக் குழுங்க சார்?”